பகடையைத் திருப்பியவர்

எங்கள் மாமாவுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, ஒரு குழாய் மாட்டக்கூடத் தெரியாது. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் வேலை பார்ப்பது தண்ணீர் மோட்டார் உதிரிபாகக் கடையில். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வாஷர், பேரிங், வால்வு, ரப்பர் வளையம், எந்த மோட்டாருக்கு எது பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எப்படி மாட்டுவது என்று கேட்டால் மட்டும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அது மெக்கானிக் வேலை, எனக்கும் தெரியாது, நீங்களும் தொடாதீர்கள் என்பார். தொட்டுக் கெடுத்தவர்கள் மறுநாள் உடைந்த பாகத்தோடு வந்து அசடு வழிய நிற்பதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். தெரியாததைத் தொடாதே என்பது அவருக்கு வேதவாக்கு.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு தடவை சமையலறைக் குழாய் சொட்டியது. மாற்ற வேண்டிய வாஷர் அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஆனாலும் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பிளம்பர் வரட்டும் என்று பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். அக்கா சும்மா இருப்பாளா? அவள் கை வைக்காத வேலை இல்லை. கை வைத்து உருப்பட்ட வேலையும் அதிகம் இல்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் குழாயைத் திருகினாள். சொட்டிக்கொண்டிருந்தது ஒழுகத் தொடங்கியது. மாமா எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பெரிய வாளியாகப் பார்த்து மாற்றி வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் அக்காவும் ஒரே தையல் கடையில் இருந்தோம். அவள் துணி வெட்டுவாள். நான் பொத்தானும் கொக்கியும் தைப்பேன். கத்திரிக்கோல் ஓடுகிற வேகத்துக்கு அவள் வாயும் ஓடும். அளவு கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுத்து முடித்த பிறகும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். மாமாவோ, கடைக்கு வருகிறவர் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாதவர். இந்த இரண்டும் எப்படி ஜோடி சேர்ந்தன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. அக்காவைக் கேட்டால், "நான் பேசணும்னா யாராவது கேக்கணும்ல?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மோட்டார் கடை அடைத்திருக்கும். அதன் பின்னறையில் நாங்கள் ஐந்து பேர் ஆடுவோம். சீட்டாட்டம் இல்லை, தாயமும் இல்லை. கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவோம். நடத்துகிறவர் மாமா. அதுவரை வாயே திறக்காத மனிதர், அங்கே மட்டும் காடு, கோட்டை, சுரங்கம் என்று வாய் நிறையச் சொல்வார். மருந்துக்கடைக்காரர் ஒரு வில்லாளியாக வருவார். கார் ஓட்டக் கற்றுத்தருகிற ஒருவர் இருந்தார். பொங்கிப் பொங்கி உடனே அடங்கிவிடுவதால் அவருக்குச் சோடா என்று பெயர். அவர் வாள் வீரர். நான் மந்திரக்காரி. அக்கா திருடி. நல்ல மனசுள்ள திருடி என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சுவர் ஏற வேண்டும், ஒட்டுக்கேட்க வேண்டும், பொய் சொல்லித் தப்ப வேண்டும் என்றால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்துக்கு அந்த வேலையில் உள்ள பயிற்சியையும் கூட்டிக்கொள்ளலாம். காரியம் எவ்வளவு கடினமோ அதற்கு ஏற்ற எண்ணைத் தாண்டினால் ஜெயம். பயிற்சி இல்லாவிட்டால் கூட்ட ஒன்றும் இருக்காது, வெறும் அதிர்ஷ்டம்தான். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கிற வேலைகளுக்கு. விஷம் முறிப்பது, பழைய எழுத்தைப் படிப்பது, சிக்கலான பூட்டைத் திறப்பது போன்றவை வேறு ரகம். அவற்றில் பயிற்சி இல்லாதவன் பகடையைக் கையிலேயே எடுக்கக் கூடாது. அதிர்ஷ்டத்துக்குக்கூட அங்கே வேலை இல்லை.

இந்த இரண்டாவது விதியில் மாமா இரும்பு. மற்ற இடங்களில் இதை யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை என்று மருந்துக்கடைக்காரர் முணுமுணுப்பார். மாமா அசைய மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோடாவின் வாள் வீரன் விஷ அம்பு பட்டு விழுந்தான். வைத்தியம் தெரிந்த ஆள் எங்கள் கூட்டத்தில் கிடையாது. அக்காவின் திருடி ஓடிப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். விஷத்தை எடுக்கிறேன் என்று அக்கா பகடையைக் கையில் எடுத்தாள். மாமா கையை நீட்டினார், அதைக் கொடு என்பது போல.

"உருட்டிப் பாக்கறேனே. விழுந்தா விழட்டும்."

"உனக்கு வைத்தியம் தெரியாது."

"தெரியாதுன்னா? செத்துட்டிருக்கான். பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. தெரியாதவங்க தொட்டா இன்னும் மோசமாத்தான் போகும்."

அக்கா பகடையை மேசையில் வைத்தாள். வாள் வீரன் செத்துப்போனான். சோடா பொங்கினார், அடங்கினார், அடுத்த வாரம் புதிய பாத்திரத்தோடு வந்தார். அக்காதான் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அன்றுவரை நான் பார்த்ததில்லை. கடையில் வெட்டு மேசை அருகே அவள் வாயை மூடிக்கொண்டு துணி வெட்டியதைப் பார்த்து முதலாளியே பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வெட்டு மேசையிலேயே. நான் எதிரில் இருந்தேன். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள், கத்திரிக்கோல் கீழே விழுந்தது, பிறகு அவளும் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு போயிற்று.

போயிற்று என்றால் முழுதாக இல்லை. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வாய்க்கு வரும்போது எல்லாச் சொல்லும் ஒரே சொல்லாகிவிடும். அந்தச் சொல், 'அதான்'. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அதான். ஜன்னலைச் சாத்தவா என்றால் அதான். டாக்டர் அவள் பெயரைக் கேட்டபோதும் அதான் என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கும் என்றார் டாக்டர். முதல் மாதங்கள் முக்கியம், பயிற்சி கொடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு வரும், ஆனால் பேச்சுப் பயிற்சி தருகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புதியவர் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்றும் அவரே சொன்னார். வேறு ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம். பக்கத்தில் எங்கும் இல்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நான் தையல் கடைக்குப் பாதி நாள்தான் போனேன், மீதி நேரம் அவளுக்குத் துணை. வந்த புதிதில் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே அவள் என்னோடு பேசினாள். இது என் கற்பனை இல்லை. இழுத்துச் சொன்னால் சலிப்பு. வெடுக்கென்று சொன்னால் கோபம். புருவத்தைத் தூக்கிக்கொண்டு மெல்லச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாயா என்று அர்த்தம். நான் முதலாளியின் கஞ்சத்தனத்தைச் சொல்லச் சொல்ல, அவள் அதான், அதான் என்று தாளம் போடுவாள். முகத்தில் பாதிதான் அசையும். ஆனால் பேச்சு நடந்தது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும், இருந்த ஒன்றை வைத்து அவள் குடித்தனமே நடத்தினாள்.

மாமாவுக்கு அது பேச்சாகப் படவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அவள் விழுந்ததுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ராத்தூக்கம் இல்லாமல் கண்கள் உள்ளே போய்விட்டன. கடையில் தப்பான வால்வை எடுத்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் சரித்திரத்தில் நடக்காத விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரும் சோடாவும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாமா அவர்களை உட்கார வைத்து, ஆட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அது உண்மைதான், ஒரு விதி உண்டு. அவசரம் இல்லாமல், தோற்றால் கெடுதல் ஒன்றும் இல்லாமல் இருந்தால், உருட்டவே வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் எப்போதாவது இருபது விழத்தானே போகிறது? அதனால் அது விழுந்ததாகவே வைத்துக்கொண்டு, அதற்கு உண்டான இருபது மடங்கு நேரத்தைச் செலவழித்தால் ஆயிற்று. அவளுக்கு நானே பயிற்சி கொடுக்கப்போகிறேன், ஒவ்வொரு சொல்லுக்கும் இருபது தடவை என்றார் மாமா.

சோடாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மட்டும் தாடையைச் சொறிந்தார். பயிற்சி இல்லாதவர் இதைத் தொடலாமா என்று அவர் கேட்கவில்லை, கேட்க அவருக்கு மனசு வரவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"தோத்தா நஷ்டம் இல்லைன்னாத்தானே அந்த விதி செல்லும்?"

"இதுல என்ன நஷ்டம் சொல்லுங்க? பூட்டு உடையப் போகுதா, பூட்டுக்குள்ள வெச்ச விஷ ஊசி குத்தப் போகுதா? ஒரு சொல் வரலேன்னா இன்னொரு தடவை கேக்கப் போறேன், அவ்வளவுதானே." உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, "அன்னைக்கு அவ உருட்டறேன்னு கெஞ்சினா. நான் விடல" என்றார்.

குழாயைத் தொடாத மனிதர், பெண்டாட்டியின் நாக்கைத் தொடத் துணிந்துவிட்டார். எனக்கு அப்போது அவர்மேல் மரியாதைகூட வந்தது. அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே தொடங்கினார். ஒரு பிளாஸ்டிக் கூடையில் வீட்டுச் சாமான்களைச் சேர்த்தார். டம்ளர், சீப்பு, சாவி, சோப்பு, கரண்டி. சொல்வதற்குச் சுலபம் என்று கடையிலிருந்து ஒரு நட்டும் கொண்டுவந்தார். அக்காவுக்குப் பேச்சு வந்து முதல் சொல்லாக நட்டு என்று சொன்னால் விளங்கிவிடும் குடும்பம் என்று நான் கேலி பண்ணினேன். கடை விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவள் நாற்காலிக்கு எதிரே உட்காருவார். நடுவில் முக்காலி. முக்காலியின் மேல் அந்த இருபது முகப் பகடை. அதை அவர் உருட்டவில்லை. ஒன்று என்ற முகம் மேலே இருக்கும்படி வைப்பார். டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்.

"இது என்ன?"

"அதான்."

"இல்ல. டம்ளர். சொல்லு, டம்..."

"அதான்."

பகடையைத் திருப்பி, இரண்டைத் தேடி மேலே வைப்பார். பிறகு மூன்று. குரலை உயர்த்தியதே இல்லை. கடையில் அவசரக்காரர்களுக்கு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து எடுத்துக்கொடுக்கிற அதே நிதானம். இருபது வந்ததும் டம்ளரைக் கூடையில் வைத்துவிட்டுச் சீப்பை எடுப்பார். பகடை மறுபடி ஒன்றுக்குப் போகும். முதல் வாரங்களில் அக்காவும் விடாமல் முயன்றாள். கழுத்து நரம்பு புடைக்கும், இடது கையால் நாற்காலியின் கையைக் குத்துவாள், உதடு குவியும், எல்லாம் சரியாக நடக்கும், கடைசியில் வருவது அதான். ஒவ்வொரு தடவையும் அவள் கண் முதலில் மாமாவின் முகத்துக்குப் போகும். அவர் சிரித்துக்கொண்டே இல்லை என்பார். பகடையைத் திருப்புவார்.

அந்த இல்லை என்ற சொல்லை ஒரு மாலையில் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு நாள் அவள் முக்காலியை இடது காலால் தள்ளிவிட்டாள். கூடை உருண்டது, சாவி அலமாரிக்கு அடியில் போயிற்று. மாமா தரையில் படுத்துத் துடைப்பக் குச்சியால் சாவியை வெளியே தள்ளி எடுத்து, துடைத்து, முன்பு விட்ட எண்ணிலிருந்தே தொடர்ந்தார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை. அவரைப் பின்பக்கம் கூப்பிட்டேன்.

"அவளுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு மாமா. அதுலயே எல்லாம் சொல்றா. அதையும் தப்பு, தப்புன்னு சொன்னா அவ எங்க போவா?"

"அந்த ஒண்ணோட அவளை விட்டுடச் சொல்றியா? முதல் மாசங்கள் முக்கியம்னு டாக்டர் சொன்னாரு. நாள் போயிட்டே இருக்கு. அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்."

அம்மி நகருமோ நகராதோ, அடி வாங்குவது அம்மிதானே என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் அந்தக் கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். கட்டிலில் அவளைத் திருப்பிப் படுக்க வைப்பதும், ஊட்டுவதும், நகம் வெட்டுவதும், இடுப்புக்குக் கீழே ஈரம் பட்டால் முகம் சுளிக்காமல் மாற்றுவதும் அவர்தான். என்னை விடமாட்டார். இந்த மனிதரைப் பார்த்து, நீங்கள் அவளைக் கொல்கிறீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த அதான் எப்போது குறைந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் மாலையில் மட்டும் சொல்லாமல் இருந்தாள். டம்ளரைப் பார்ப்பாள், உதட்டை இறுக்கிக்கொள்வாள். சொல்லாவிட்டாலும் பகடை திரும்பியது. பிறகு மாமா கடைக்குப் போயிருக்கும்போதும் என்னிடம் சொல்வது நின்றது. நான் முதலாளி கதையைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். தாகம் எடுத்தால் தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்ப்பாள். நாமே புரிந்துகொண்டு கொடுத்தால் குடிப்பாள், புரியாவிட்டால் விட்டுவிடுவாள். வாய் ஓயாதவள், தாகத்தைக்கூடச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். நான் பாத்திரம் தேய்த்தபடி அழுவேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது.

பிறகு ஒரு மாலை மாமா போன் பண்ணினார். பேச முடியாமல் மூச்சு வாங்கியது. அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பேசிவிட்டாள், உடனே வா என்றார். நான் போனபோது சோடாவும் மருந்துக்கடைக்காரரும் பிஸ்கட் பொட்டலத்தோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஓர் இடத்தில் நிற்கவில்லை. நாற்காலியில் அக்கா, எதிரே முக்காலி, பகடையில் மேலே பதினொன்று. இருபதுகூடத் தேவைப்படவில்லை என்று எல்லோருக்கும் அதைக் காட்டினார்.

என்ன சொன்னாள் என்று சோடா கேட்டார்.

"சீப்பைக் காட்டினேன். சீப்புன்னு வரல. ஆனா அவ்வளவு சுத்தமா ஒரு வார்த்தை வந்துது, பழைய குரல் அப்படியே. 'போதும்'னு சொன்னா."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அக்கா எங்கள் யாரையும் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது உங்களுக்குச் சொன்னது" என்றேன்.

"தெரியும்." அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. அதுதான் என்னை நடுங்க வைத்தது. "எனக்குத் தெரியாதா? கோவத்துலதான் சொன்னா. எதுல சொன்னா என்ன, வந்துடுச்சுல்ல? ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும்."

அவள் முன்னால் மண்டியிட்டு, எல்லாரும் வந்திருக்காங்க, இன்னொரு தடவை சொல்லு, போதும்னே சொல்லு என்று கேட்டார். பகடையைத் திருப்பிப் பன்னிரண்டு வைத்தார். அக்கா தலையைத் தூக்கினாள். சோடாவைப் பார்த்தாள், மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயை மூடினாள். அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து எந்தச் சொல்லும் வரவில்லை. அதானும் இல்லை, போதுமும் இல்லை.

புதிய பேச்சுப் பயிற்சியாளர் வந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தபோது முக்கியமான மாதங்கள் எல்லாம் தாண்டிப் போயிருந்தன. சின்ன வயசுப் பெண். சின்ன அறை, ஒரு கண்ணாடி, சுவரில் படங்கள். அவர் அக்காவை ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, படம் போட்ட புத்தகத்தைப் பிரித்து, தானே பேசிக்கொண்டு பக்கம் புரட்டினார். அக்கா கையைக்கூட நீட்டவில்லை. பாதியில் அந்தப் பெண்ணுக்குத் தாகம் எடுத்தது போல. மேசையிலிருந்த டம்ளரை எடுத்தார். அவ்வளவுதான், அக்கா இடது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். வீட்டில் பயிற்சி ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். மாமா ஒன்று விடாமல் சொன்னார். கூடை, முக்காலி, பகடை, இருபது தடவை, ஒரு நாள்கூட விட்டதில்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாணவன்போலச் சொன்னார். நன்றாகச் செய்தீர்கள் என்று அந்தப் பெண் சொல்வார் என்று எதிர்பார்த்தார், பாவம்.

"வேற வார்த்தை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இல்லைன்னு சொல்லிட்டு மறுபடி கேப்பேன். கோவப்பட்டதே இல்லைங்க. வரலைன்னா நஷ்டம் ஒண்ணும் இல்லையே."

அந்தப் பெண் அக்காவை ஒரு தடவை பார்த்தார். அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைத்திருப்பார்.

"ஒவ்வொரு தடவையும் தான் தோத்தது அவங்களுக்குத் தெரியும் சார். அதுதான் நஷ்டம். அத்தனை தடவை தோத்தா யாருக்குமே வாயைத் திறக்க மனசு வராது."

மாமாவின் கை, எப்போதும் வாஷர் ஏதாவது கிடக்கும் சட்டைப்பைக்குப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி வந்தது. முதலிலேயே உங்களிடம் வந்திருந்தால் பேசியிருப்பாளா என்று கேட்டார். அதைச் சொல்ல முடியாது, கொஞ்சம் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், மூளையில் பாதிக்கப்பட்ட இடம் பெரியது என்றார் அந்தப் பெண். இப்போது என்ன செய்வது என்று மாமா கேட்டார். வாரம் ஒரு தடவை கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்றார். ஆனால் முதலில் அவர்களுக்குப் பேச வேண்டும் என்று தோன்ற வேண்டும், அதை என்னால் கொடுக்க முடியாது என்று மெதுவாகச் சேர்த்தார். நல்ல பெண். பொய் சொல்லி அனுப்பத் தெரியவில்லை.

வெளியே நடையில் சக்கர நாற்காலியை மாமா தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் மருந்துச் சீட்டோடு வந்தேன். லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேர் முழங்காலும் இடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் பயிற்சிக்கு உட்காருகிற அதே மாதிரி உட்கார்ந்துவிட்டதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். சட்டென்று எழுந்து, தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

"இனிமே உன்னை எதுவும் சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றார். "கூடையைத் தூக்கிப் போட்டுடறேன். நீ பேசவே வேண்டாம்மா. எப்பவுமே வேண்டாம்."

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சொல்வது நிஜம்தானா என்று கண்ணை இடுக்கி, முன்பு தையல் கடையில் தோள்பட்டையில் துணி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் தோள் தளர்ந்தது. உதட்டின் இடது பக்கம் மெல்ல மேலே போனது. வலது பக்கம் அசையவில்லை. ஆனால் அது சிரிப்புதான். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மாமாவும் பார்த்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை மாலையும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கைவிட்டதும் அது வந்துவிட்டது. பதிலுக்குத் தானும் சிரிக்க வேண்டும் என்று அவர் வாயை என்னென்னவோ செய்து பார்த்தார். வரவில்லை.